வயிற்று அறுவையும் வாய்க்கு உணவும்

வயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்டவர் வீடு திரும்பினால், நம் தோட்ட வீடுகளில் இருவகை அன்பைக் காண்கிறோம். சிலர், "புண் ஆறட்டும்" என்று மாதக்கணக்கில் வெறும் கஞ்சித் தண்ணீரே கொடுப்பர். வேறு சிலர், "உடம்பு தேற வேண்டும்" என்று தட்டு நிறையச் சோறு போட்டு வற்புறுத்துவர். இரண்டும் அன்புதான், ஆயினும் இரண்டுமே நோயாளியை வாட்டிவிடக்கூடும். இத்தகையவருக்கு எப்படி உணவூட்டுவது என்பதை மருத்துவ உலகமே நூறாண்டுகளுக்கு மேலாகப் படிப்படியாகத்தான் கற்றது. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

1881ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை அகற்றி, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்தார். அதற்கு முன் இவ்வாறு அறுவை செய்யப்பட்டவர்கள் பிழைக்கவில்லை. இப்பெண் பிழைத்தார், புளித்த பால் குடித்துத் தேறினார். நோய் திரும்பியதால் சில மாதங்களில் இறந்தார் என்றாலும், தைத்த வயிறு உணவைத் தாங்கும் என்பது மெய்ப்பட்டது.

1897இல் சூரிக் நகரில் கார்ல் ஷ்லாட்டர் என்பவர், பட்டுத் தொழிலாளியான 56 வயதுப் பெண்ணின் இரைப்பையை முழுவதுமாகவே அகற்றினார். இரைப்பை இன்றி மனிதர் உண்டு வாழ இயலுமா? அம்மாது வாழ்ந்து காட்டினார். சிறிது சிறிதாக, அடிக்கடி உண்டார். ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தார்.

இதன் காரணம் என்ன? இரைப்பை என்பது ஒரு நெற்குதிர் போன்றது. உணவைச் சேர்த்து வைத்து, அளந்து அளந்து குடலுக்கு அனுப்புகிறது. குதிர் இல்லாதபோது உணவு நேரே குடலில் போய் விழுகிறது. மிகுந்த இனிப்பாயின், குடல் உடம்பின் நீரை உள்ளிழுக்க, மயக்கமும் வியர்வையும் படபடப்பும் தோன்றும். பார்க்க வருவோர் அன்போடு கலக்கித் தரும் தித்திப்பான மைலோ இவர்களுக்கு ஆகாமற் போவது இதனால்தான்.

இன்னொரு பாடமும் உண்டு. 1948இல் பி12 என்னும் உயிர்ச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது. உணவிலுள்ள இச்சத்தை உடல் ஏற்க, இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். ஆகவே இரைப்பையை முழுதும் இழந்தவர் நன்றாக உண்டாலும், சில ஆண்டுகளில் இரத்தசோகை வரலாம். மருத்துவர் குறித்த பி12 ஊசியை, "உடம்புதான் தேறிவிட்டதே" என்று நிறுத்தலாகாது.

குடல் அறுவைக்குப் பின் பல நாள் பட்டினி போடுவதே முன்னாள் வழக்கம். 1990களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் கேலட், வலியை நன்கு தணித்து, விரைவில் உண்ணவும் நடக்கவும் செய்தால் நோயாளி சீக்கிரம் தேறுவார் எனக் காட்டினார். இன்று பல மருத்துவமனைகள் இவ்வழியைப் பின்பற்றுகின்றன.

ஆகவே நேயர்களே, மருத்துவர் அனுமதித்தபின், மூன்று வேளைச் சோற்றை ஆறு வேளையாகப் பகிர்ந்து கொடுப்போம். குழைந்த சோறு, முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை மென்று உண்ணச் செய்வோம். தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடாமல் இடையிடையே கொடுப்போம். காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு உப்புதல் காணின் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். அறுத்துத் தைப்பது மருத்துவர் கடமை. அளவறிந்து ஊட்டுவது நம் கடமை.