ஜார்ஜ் ஸ்டீயர்ஸும் நியூயார்க் பைலட் படகுகளும்

ஜார்ஜ் ஸ்டீயர்ஸ் (1819–1856) அமெரிக்காவின் மரக்கப்பல் வடிவமைப்பாளர், கப்பல் கட்டுநர். 1851-இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் வென்ற ‘அமெரிக்கா’ என்னும் ஸ்கூனரை (நீளவாக்கில் பாய் கட்டிய பாய்மரக் கப்பலை) படைத்தவர் என்றே பெரும்பாலும் அறியப்படுகிறார். ஆனால் அந்தக் கப்பலின் வடிவம் பந்தயத்துக்காகத் திடீரென்று பிறந்ததன்று. நியூயார்க் துறைமுகத்தின் பைலட்டுகளுக்காக அவர் கட்டிய வேலைப்படகுகளில் அது முன்பே உருவாகி, அட்லாண்டிக்கின் குளிர்காலக் கடலில் தேறி வந்தது. அவருடைய கலையை அறிய அந்தப் படகுகளிலிருந்து தொடங்குவதே முறை.

பைலட் படகின் பணி

துறைமுக வாயிலின் மணல்திட்டுகளையும் நீரோட்டங்களையும் நன்கறிந்து, உரிமம் பெற்று, வரும் கப்பலில் ஏறி அதை உள்ளே நடத்திச் செல்பவர் பைலட். நியூயார்க்கின் வாயில் சாண்டி ஹூக் முனையருகே இருக்கிறது. அக்காலத்தில் அங்கே மணல்திட்டுகளுக்கு நடுவே செல்லும் வழிகள் குறுகலாக இருந்தன. அறியாதவர் கையில் கப்பல் தரைதட்டுவது எளிதாக இருந்தது.

பைலட் படகில் பல பைலட்டுகளும், சில பயிற்சி இளைஞர்களும், ஒரு சமையல்காரரும் இருப்பார்கள். தொலைவில் கப்பல் தெரிந்தால் படகு விரைந்து அணுகும். சிறு தோணி ஒன்று இறக்கப்படும். இருவர் துடுப்பிட, முறைக்குரிய பைலட் கப்பலின் பக்கத்தில் தொங்கும் ஏணியைப் பற்றி ஏறிக்கொள்வார். எஞ்சிய பைலட்டுகளும் இப்படியே ஒவ்வொருவராகப் போன பிறகு, மீதமிருக்கும் சிலர் மட்டும் படகைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். பாயில் பெரிதாக எழுதிய எண், எந்தப் படகு வருகிறது என்பதைத் தொலைவிலிருந்தே காட்டியது. இரவில் தீப்பந்தத்தை உயர்த்திக் காட்டுவார்கள்.

படகின் அமைப்பைத் தீர்மானித்தவை இந்த வேலைகளே. இரண்டு மூன்று பேர் புயலில் சமாளிக்க வேண்டியிருந்ததால் பாயமைப்பு எளிமையாக இருந்தது: இரண்டு பாய்மரங்கள், நீளவாக்கில் கட்டிய பாய்கள். தோணியை விரைவாக இறக்கவும் ஏற்றவும் வசதியாக விளிம்புச் சுவர் தாழ்வாக வைக்கப்பட்டது. சரக்கு ஏற்ற வேண்டியதில்லை என்பதால் உடலை ஒல்லியாகவும் கூர்மையாகவும் அமைக்க முடிந்தது. வணிகக் கப்பல் கட்டுபவருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் ஒவ்வோர் அடியிலும் எத்தனை மூட்டை கொள்ளும் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

1837-ஆம் ஆண்டுச் சட்டம்

வேகத்தின் தேவை ஒரு துயரத்திலிருந்து வந்தது. 1836 நவம்பரில் ‘பிரிஸ்டல்’, 1837 ஜனவரியில் ‘மெக்சிகோ’ என்ற இரு கப்பல்கள் குடியேறிகளுடன் நியூயார்க் வாயில் வரை வந்தும், பைலட் கிடைக்காமல் லாங் ஐலண்டு கரையோரம் மோதி உடைந்தன. இரண்டிலுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதுவரை இந்தத் தொழில் நியூயார்க் பைலட்டுகளின் ஏகபோகமாக இருந்தது. போட்டி இல்லாததால் அவர்கள் கடலுக்குள் வெகுதூரம் வருவதில்லை என்று வணிகர்கள் கொதித்தார்கள். 1837 மார்ச்சில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. இரு மாநிலங்களின் எல்லையாக அமைந்த நீர்ப்பகுதியில் எந்த மாநிலத்தின் பைலட்டையும் கப்பல்கள் அமர்த்திக்கொள்ளலாம் என்றது அது. எல்லையின் மறுபக்கத்திலிருந்த நியூஜெர்சி மாநிலத்தின் பைலட்டுகளும் களத்தில் இறங்கினார்கள்.

அதன்பின் முதலில் எட்டுபவருக்கே கப்பல் என்றாயிற்று. கட்டணம் கப்பல் நீரில் அமிழும் ஆழத்தைக் கொண்டு கணக்கிடப்பட்டதால், பெரிய கப்பலை நோக்கிப் பல படகுகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. வாயிலருகே காத்திருந்த படகுகள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தாண்டித் தேடிப்போயின. அரை மணி நேரம் பிந்தினால் பல நாள் காத்திருப்பு வீண். விரைவான படகைக் கட்டித்தரும் கைக்காகப் பைலட்டுகள் தங்கள் சொந்தப் பணத்தைச் செலவிட்டார்கள். அந்தத் துறைமுகத்தில் கப்பல் வடிவக் கலை வளர்ந்ததற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை என்றே சொல்லலாம்.

ஸ்டீயர்ஸின் வழி

ஜார்ஜ் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். தந்தை ஹென்றி ஸ்டீயர்ஸ் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து வந்த ஓடாவி (கப்பல் தச்சர்). வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் வேலை செய்து, பிறகு குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறினார். மகன்கள் தொழிலைத் தந்தையிடமே கற்றார்கள். 1841-இல் வெளிவந்த ‘வில்லியம் ஜி. ஹாக்ஸ்டாஃப்’ என்ற பைலட் படகு ஜார்ஜின் பெயரைத் துறைமுகத்தில் பரப்பியது. செல்வரும் படகுப் பிரியருமான ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸுக்காக ‘கிம்கிராக்’ என்ற உல்லாசப் படகையும் வடிவமைத்தார். 1844 ஜூலை 30 அன்று அதன் தளத்தில் கூடியவர்களே நியூயார்க் யாட் கிளப்பைத் தொடங்கினார்கள்.

அக்காலத்தில் வடிவம் முதலில் காகிதத்தில் வரையப்படவில்லை. மரப்பலகைகளை அடுக்கி, கப்பல் உடலின் ஒரு பாதியைச் செதுக்குவார்கள். விரல்களால் தடவி, கண்ணால் அளந்து, வளைவு மனதுக்கு ஒப்பும்வரை இழைப்பார்கள். பின் அடுக்குகளைப் பிரித்து அளவெடுத்து, விசாலமான தளமொன்றில் முழு அளவில் கோடு போட்டு, ஒவ்வொரு வங்கும் (விலா மரமும்) எப்படி வளைய வேண்டும் என்று குறிப்பார்கள். இந்தப் பாதி மாதிரியைச் செதுக்குவதில் ஸ்டீயர்ஸ் வல்லவர்.

அவருக்கு முந்தைய ஓடாவிகள் பலரும் ‘காட் மீனின் தலை, கானாங்கெளுத்தியின் வால்’ என்ற மரபைப் பின்பற்றினார்கள்: அணியம் (முன்பகுதி) பருத்து உருண்டிருக்கும், அமரம் (பின்பகுதி) மெலிந்து போகும். அகன்ற முகப்பு அலையில் மோதி நிற்க, வேகம் குறைந்தது. ஸ்டீயர்ஸ் அணியத்தை நீட்டி, மெலிதாக்கி, நீர்மட்டத்தில் சற்று உட்குழிந்ததாக வைத்தார். மிக அகன்ற பகுதியைப் பின்னுக்கு, நடுப்பகுதிக்கருகே நகர்த்தினார். இந்தத் திசையில் யோசித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். நியூயார்க்கிலேயே ஜான் கிரிஃபித்ஸ் 1845-இல் வெளிவந்த ‘ரெயின்போ’ என்ற கிளிப்பர் வகை விரைவுப் பாய்மரக் கப்பலில் உட்குழிந்த அணியத்தைச் செய்து காட்டியிருந்தார். ஸ்டீயர்ஸின் தனிச்சிறப்பு, சிறிய கப்பலில் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் கொள்ளளவுச் சமநிலையைக் கண்டதில் இருக்கிறது. கூர்மை மிகுந்தும், அலையில் மூக்கு குத்தாமல் அவர் படகுகள் எழுந்தன.

1849-இல் கட்டிய ‘மேரி டெய்லர்’ இந்தச் சிந்தனையின் முதிர்ச்சி. நியூயார்க் மேடையில் புகழ்பெற்றிருந்த பாடகி-நடிகையின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அதைச் செலுத்தியவர் ரிச்சர்ட் பிரவுன் என்ற சாண்டி ஹூக் பைலட். அடுத்த ஆண்டு வந்த ‘மோசஸ் ஹெச். கிரின்னெல்’ அதே வடிவத்தை இன்னும் துணிந்து கொண்டுசென்றது.

‘அமெரிக்கா’

1851-இல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தது. அமெரிக்கக் கப்பல் தொழிலின் திறத்தைக் காட்ட ஒரு நியூயார்க் பைலட் படகை அனுப்பலாம் என்ற யோசனை எழுந்தது. ஸ்டீவன்ஸும் நண்பர்களும் அதை ஏற்றுப் புதிதாக ஒன்றைக் கட்டச் சொன்னார்கள். ஈஸ்ட் ஆற்றங்கரையில் வில்லியம் ஹெச். பிரவுனின் கப்பல் கட்டும் தளத்தில் ஸ்டீயர்ஸின் வடிவத்தில் சுமார் 101 அடி நீளக் கப்பல் எழுந்தது. ஓக், லோக்கஸ்ட், செடார், செஸ்ட்நட், ஹாக்மடாக் ஆகிய மரங்கள் பயன்பட்டன. பேசிய விலை 30,000 டாலர். வேகத்தில் தேறாவிட்டால் கட்டுநரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பல் தாமதமாக முடிந்தது. வெள்ளோட்டத்தில் ஸ்டீவன்ஸின் ‘மரியா’ என்ற யாட்டிடம் தோற்றது. முடிவில் 20,000 டாலருக்குக் கைமாறியது.

கப்பலை நடத்த ரிச்சர்ட் பிரவுன் அமர்த்தப்பட்டார். ஜார்ஜும் அண்ணன் ஜேம்ஸும் உடன் பயணமானார்கள். ஆனால் பந்தயத்துக்கு முன்பே ஊர் திரும்பிவிட்டதால், ஆகஸ்ட் 22 அன்று தங்கள் கப்பல் ஆங்கிலேய யாட்டுகளை முந்தியதைக் காணவில்லை. இறுக நெய்த பருத்திப் பாய்கள் தட்டையாக நின்றதும் அந்த வெற்றிக்குத் துணை. ஆங்கிலேயரின் தளர்ந்த சணல்வகைப் பாய்கள் காற்றில் பை போல உப்பின. வென்ற கோப்பையே பின்னாளில் ‘அமெரிக்கா கோப்பை’ ஆயிற்று. பெயர் பந்தயக் கப்பலுக்குச் சேர்ந்தது. அதன் வடிவத்தை முதலில் நம்பி, பிழைப்பையும் உயிரையும் அதில் வைத்த பைலட்டுகளை வரலாறு போதிய அளவு நினைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

பிற்காலம்

ஸ்டீயர்ஸ் பின்னர் பெரும் நீராவிக் கப்பல்களுக்கு மாறினார். புரூக்ளின் கடற்படைத் தளத்தில் அவர் வடிவமைத்த ‘நயாகரா’ 1855-இல் நீரில் இறங்கியது. 1857-இலும் 1858-இலும் அட்லாண்டிக் கடலடித் தந்திக்கம்பியை இட்ட கப்பல்களில் அதுவும் ஒன்று. காலின்ஸ் என்ற கப்பல் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த ‘அட்ரியாட்டிக்’ 1856-இல் நீரில் இறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று, குதிரைகள் மிரண்டு ஓட வண்டியிலிருந்து விழுந்து இறந்தார். வயது 40-ஐ எட்டவில்லை.

பைலட் ஸ்கூனர்கள் அவருக்குப் பின்னும் 40 ஆண்டுகள் ஓடின. பாஸ்டனில் டென்னிசன் லாலர் என்ற கப்பல் வடிவமைப்பாளர் அந்தக் கலையை முன்னெடுத்தார். 1888 மார்ச் பனிப்புயல் நியூயார்க் படகுகள் பலவற்றைச் சிதைத்தது. ‘ஃபேன்டம்’, ‘என்சான்ட்ரஸ்’ இரண்டும் ஆட்களோடு மறைந்தன. நீராவிக் கப்பல்கள் குறித்த நேரத்தில் வரத் தொடங்கியதும், தொலைவில் தேடிப்போகும் பந்தயத்துக்குப் பொருளில்லாமல் போனது. 1895-இல் நியூயார்க், நியூஜெர்சி பைலட்டுகள் போட்டியை விட்டு ஒன்றிணைந்து படகுகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 1897-இல் ‘நியூயார்க்’ என்ற நீராவிப் பைலட் கப்பல் சாண்டி ஹூக்கில் பணிக்கு வந்தது.