நின்ற பிழையும் நில்லாத பிழையும்

ஏட்டுச் சுவடியில் செல்லரித்துப்போன இடங்களை நம் பதிப்பாசிரியர்கள் புள்ளியிட்டுக் காட்டினார்கள். 1894-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றிலும் சிதைந்த பாடல்கள் உண்டு. இடைவெளி கண்ணில் பட்டால்தான் அதை நிரப்பத் தேடுபவர் தோன்றுவார்.

சோழவந்தானில் அமர்ந்து மாணவர் கட்டுரைகளை லாடெக் மென்பொருளில் அச்சுக்கோத்தபோது இவ்வுண்மை நமக்கு மீண்டும் உறைத்தது. 'எழுத்துரு கிடைக்கவில்லை' என்று முதலில் அது பாதியில் நின்றது. எழுத்துருவின் பெயரைத் திருத்தியதும் பக்கங்கள் வந்தன. ஆனால் யவனர் பற்றிய கட்டுரையில் கிரேக்கச் சொற்கள் இருந்த இடமெல்லாம் வெறுமை. நாம் தேர்ந்த தமிழ் எழுத்துருவில் கிரேக்க எழுத்துகள் இல்லை. ஓடி மறைந்த வரிகளுக்கிடையே இருந்த எச்சரிக்கையை நாம் கவனிக்கவில்லை.

இச்சிக்கலுக்கு ஒரு வரலாறு உண்டு. தம் நூலின் அச்சுப்படிகள் மனநிறைவு தராததால் டொனால்ட் கனூத் 1977-இல் டெக் மென்பொருளைத் திட்டமிடத் தொடங்கினார். எழுத்துகளை வரைய மெட்டாஃபாண்ட் என்னும் துணைநிரலையும் படைத்தார். அதைக் கொண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே தமிழ் எழுத்துருவொன்றை வரைந்தார்.

அடுத்து வந்தது குறியேற்றக் குழப்பம். எழுத்துருவுக்கு எழுத்துரு எழுத்துகளின் இருக்கை மாறியது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் இலக்கியமும் பொருளற்ற குறிகளாய்த் தெரிந்தது. நம் ஊருக்கு அண்மையிலுள்ள மாநகரின் பெயரைத் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இக்குழப்பத்தைக் கடந்தே ஒருங்குறிக்கு வந்தது. குறியேற்றங்களை ஒழுங்குபடுத்த 1999-இல் சென்னையில் மாநாடே கூடிற்று.

2004-இல் ஜோனதன் க்யூ ஸீடெக்கை வெளியிட்டார். ஒருங்குறி உரையையும் கணினியில் நிறுவிய எழுத்துருக்களையும் அது நேரே ஏற்றது. எனினும் எழுதப்படுவது தமிழ் என்று அதற்குச் சொல்லியாக வேண்டும். ஒருங்குறியில் மெய் முன்னும் கொம்பு பின்னுமாகவே சேமிக்கப்படுகின்றன. சொல்லாவிட்டால் 'கெ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னே போய் நிற்கும். இப்பிழைக்கும் மென்பொருள் நின்றுவிடாது.

ஆக, பாதியில் நிற்கும் பிழை நமக்குப் பகையன்று. சொல்லாமல் கடந்துபோகும் பிழையே பகை. 2021-இல் வந்த டெக் லைவ் தொகுப்பு இதற்கு ஒரு வழி செய்தது. 'ட்ரேஸிங்லாஸ்ட்சார்ஸ்' என்னும் அளவை 3 என்று வைத்தால், எழுத்துருவில் இல்லாத எழுத்து வந்தவுடன் மென்பொருள் அதைப் பிழையென்றே அறிவிக்கும். கொம்பு இடம் மாறுவதை மட்டும் இன்னும் நம் கண்தான் பிடிக்க வேண்டும்.

கிரேக்கச் சொற்களுக்கு அவ்வெழுத்துகளைக் கொண்ட வேறோர் எழுத்துருவை அமைத்து நம் தொகுப்பை முடித்தோம். அந்த ஒற்றை வரியை இப்போது ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் இடுகிறோம். சுவடிப் பதிப்பாசிரியர் இட்ட புள்ளிகளின் வேலையையே அதுவும் செய்கிறது.