சாமைக் குவியல் ஏன் சூடாகிறது? தானியமும் மூச்சு விடுகிறது!

ஜவ்வாது மலையில் ஆனி, ஆடியில் விதைத்த சாமை ஐப்பசி வாக்கில் அறுவடைக்கு வரும்போது, வடகிழக்குப் பருவமழையும் கூடவே வந்துவிடுகிறது. அறுத்த கதிரை ஈரத்தோடு குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, இரண்டு நாள் கழித்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சில நேரம் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். தீயில்லாமல் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

தானியம் உயிரோடு இருப்பதால் வந்தது. விதை நெல்லை ஊற வைத்து மூட்டை கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. முளை விடும் மூட்டை மறுநாள் சுடத்தான் செய்யும்.

செல்லுக்குள் நடப்பது என்ன?

எல்லா உயிர்களையும் போல விதையும் செல்களால் ஆனது. விதையின் முளைக்கருவில் உள்ள செல்கள் களத்திலும் மூட்டையிலும் உயிரோடுதான் இருக்கின்றன. உயிர் தங்க வேண்டுமானால் சக்தி வேண்டும். அதற்காக விதை தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்து, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய உறுப்பில் மெல்ல எரிக்கிறது. கரியமில வாயு, தண்ணீர், வெப்பம் ஆகிய மூன்றும் வெளியே வருகின்றன. நம் உடம்பிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதனால்தான் உடம்பு கதகதப்பாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் பள்ளியில் 'செல் சுவாசம்' என்று படிப்பது இதைத்தான்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். ஒரு கிலோ சர்க்கரைச்சத்து முழுவதும் இப்படி எரிந்தால் 600 கிராம் தண்ணீரும் ஏறத்தாழ 1,470 கிராம் கரியமில வாயுவும் உண்டாகும். (காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்வதால்தான் எடை கூடுகிறது.) வெளியாகும் வெப்பம், சுமார் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்த ஒரு கிலோ உங்கள் எடையில் குறைந்து போனது என்பதையும் மறக்க வேண்டாம்.

காய்ந்த தானியத்தில் இந்த மூச்சு மிக மிக மெதுவாக நடக்கும். ஈரம் ஏறினால் வேகம் பிடிக்கும். மூச்சு விட விட வெப்பமும் தண்ணீரும் உண்டாகும். அந்த வெப்பமும் தண்ணீரும் மூச்சை இன்னும் வேகமாக்கும். குவியலின் நடுவில் இருக்கும் சூடு வெளியேற வழியில்லை. அதற்குள் பூஞ்சையும் பிடித்துவிடும். பூஞ்சையும் உயிர்தானே, அதுவும் மூச்சு விட்டு மேலும் சூடேற்றும். காற்றுப் புகாத இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகைச் சுவாசம் தொடங்கிச் சாராயம் உண்டாகிறது. மூடிய குவியலைத் திறந்ததும் அடிக்கும் புளித்த வாடைக்கு இதுவும் ஒரு காரணம். அந்த வாடை வந்த சாமையை விதைக்கு எடுக்காதீர்கள். முளைப்புத் திறன் போயிருக்கும்.

குளிர் நம் பக்கம், ஈரம் எதிர்ப்பக்கம்

விதைச் சேமிப்பில் ஒரு பழைய கணக்கு உண்டு. விதையின் ஈரப்பதத்தை 1 சதவீதம் குறைத்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பத்தை 5 டிகிரி செல்சியஸ் குறைத்தாலும் இரட்டிப்பாகும். மலையில் குளிர்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது. சமவெளி விவசாயிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் பனியும் மூடுபனியும் அந்த லாபத்தைத் தின்றுவிடும். பகலெல்லாம் காய்ந்த தானியம் ஒரே இரவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காய வைப்பதில் பாதி வேலைதான் முடிகிறது. காய்ந்ததை நனையாமல் காப்பது மீதிப் பாதி.

மழை பிடித்துக்கொண்டால் கதிரை மூடிக் குவிக்காமல், கூரைக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறி விடுங்கள். காற்று ஓடினாலே சூடு ஏறாது. வெயில் வந்ததும் அடித்த தானியத்தை 2 அங்குல கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிக் காய வையுங்கள். விதைக்கு வைப்பதை உச்சி வெயிலில், அதாவது 12 மணி முதல் 3 மணி வரை, காய வைக்க வேண்டாம். பனி இறங்கும் முன் அள்ளி மூடிவிட வேண்டும். சுடச்சுட மூட்டை கட்டக் கூடாது. ஆறிய பிறகே கட்ட வேண்டும். மூட்டைக்கு அடியில் பலகை போட்டு, சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள்.

ஈரமானி இல்லாதவர்கள் உப்பை வைத்தே பார்க்கலாம். காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி தானியமும் ஒரு கரண்டி நன்கு காய்ந்த தூள் உப்பும் போட்டு, மூடிக் குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். மறுபடி காய வைக்கத்தான் வேண்டும். ஒட்டாவிட்டாலும், விதைக்கு என்றால் இன்னும் ஒரு நாள் வெயில் காட்டுவது நல்லது.

விதைச் சாமைக்கு

சாக்கிலோ துணிப்பையிலோ வைக்கும் விதையில் 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. காற்றும் ஈரமும் புகாத டப்பாவில் அடைப்பதானால் 8 சதவீதம்தான். இதில்தான் பலர் தவறுகிறார்கள். இறுக்கி மூடினால் விதை பத்திரமாக இருக்கும் என்று நினைத்து, அரைகுறையாகக் காய்ந்ததை அடைத்துவிடுகிறார்கள். விதை விட்ட மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்த்துக் கெடுகிறது. சரியாகக் காயவில்லை என்ற சந்தேகம் இருந்தால் துணிப்பையே மேல். அத்தியந்தல் சிறுதானிய மகத்துவ மையம் 2019-ல் வெளியிட்ட ஏடிஎல் 1 ஆனாலும், பாட்டன் காலத்து நாட்டுச் சாமை ஆனாலும் இதே விதிதான்.

உமி நீக்கிய சாமை அரிசியின் கதை வேறு. தவிட்டில் உள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், உமியோடு சேமித்து, தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசியில் விதைக்கும் முன் 100 விதையை எண்ணி, ஈரத் துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். 75-க்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்த விதையை நம்பி உழவுக்கூலி செலவழிக்காமல், வேறு விதை தேடுவதற்கு இன்னும் நாள் இருக்கும்.