தேவாலயத்தில் அடைத்த 33 பேர்

1973-இல் வந்த 'தி ஸ்டிங்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பந்தயக் கூடம் மறந்திருக்காது. கரும்பலகையில் குதிரைகளின் பெயர்கள், ஒலிபெருக்கியில் வர்ணனை, பணம் கட்ட முண்டியடிக்கும் கூட்டம். ஒரே ஒரு ஆளின் பணத்தைப் பறிக்கப் போட்ட நாடக செட் அது. பால் நியூமனும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் கலகலப்பாக நடித்த அந்தப் படம் 7 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது.

கதைதான் கற்பனை, கூடம் நிஜம். நியூமன் ஏற்ற பாத்திரத்தின் பெயரான கோண்டார்ஃப், நியூயார்க்கில் இதே தொழில் செய்த சகோதரர்களுடையது. மோசடிக்காரர்களின் குழூஉக்குறிகளைத் திரட்டிய மொழியியல் பேராசிரியர் டேவிட் மாரர், அவர்களுடைய தொழிலையே 1940-இல் ஒரு புத்தகமாக எழுதி வைத்தார்.

சூட்சுமம் தந்தியில் இருந்தது. குதிரைப் பந்தய முடிவுகள் அப்போது ஊர் ஊராகத் தந்தியில்தான் வந்தன. 'தந்தி ஆபீசில் நம்ம ஆள் இருக்கிறான், முடிவைச் சில நிமிடம் பிடித்து வைப்பான், அதற்குள் ஜெயித்த குதிரைமேல் கட்டிவிடலாம்' என்று ஆசை காட்டுவார்கள். முதலில் சின்னத் தொகைக்கு ஜெயிக்க விடுவார்கள். வந்தவர் ஊருக்குப் போய்ப் பெரிய தொகையைத் திரட்டிக்கொண்டு திரும்பியதும் ஏதோ ஒரு 'தவறு' நடந்துவிடும். திருவிழாவில் மூணு சீட்டுக்காரனிடம் ஜெயிப்பவர்கள் அவனுடைய ஆட்கள்தான் என்பது நமக்குத் தெரியும். இங்கே கூடம் முழுக்கவே அப்படிப்பட்ட ஆட்கள். திருட்டு ஆட்டத்துக்கு உடன்பட்டவர் எந்த முகத்தோடு போலீசுக்குப் போவார்?

படத்தில் ஏமாறுபவன் கொலைகாரன், அதனால் கூசாமல் சிரிக்கிறோம். நிஜத்தில் ஏமாந்தவர்களில் ஒருவர் டெக்சாஸ் பண்ணைக்காரர் ஃபிராங்க் நார்ஃப்லீட். ஓட்டல் நாற்காலியில் கிடந்த பர்ஸை உரியவரிடம் சேர்த்தார். அந்த நேர்மையே தூண்டிலானது. பர்ஸுக்காரர் நன்றியோடு, குதிரைக்குப் பதில் பங்குச் சந்தையில் வழிகாட்ட, 1919-இல் நார்ஃப்லீட் இழந்தது 45,000 டாலர். அவமானத்தில் ஒடுங்காமல், கும்பலை ஊர் ஊராகத் துரத்தித் தலைவனைச் சிறைக்கு அனுப்பினார்.

ஆனால் இதே தொழில் நடத்திய டென்வர் நகரத்துக் கும்பலை ஒருவர் தனியாகத் துரத்திப் பிடித்துவிட முடியாது. அதன் தலைவன் லூ பிளாங்கர் போலீசையே கையில் வைத்திருந்தான். உள்ளூர்க்காரர்களைத் தொடக் கூடாது, வெளியூர்ப் பயணிகள் மட்டுமே இரை என்பது அவன் போட்ட விதி. உள்ளூரில் அழுகுரல் கேட்காத வரை யாருக்கு வலிக்கும்?

அரசு வழக்கறிஞர் ஃபிலிப் வான் சைஸ் போலீசை நம்பவில்லை. வசதியுள்ள சிலரிடம் பணம் திரட்டித் துப்பறிய ஆள் வைத்தார், பிளாங்கரின் அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கும் கருவியை ஒளித்து வைத்தார். 1922 ஆகஸ்ட் 24 அன்று மாநிலக் காவல் படையை வைத்து ஒவ்வொருவராக அள்ளினார். நகரச் சிறையில் அடைத்தால் மற்றவர்களுக்குச் சேதி பறந்துவிடும். அதனால் தாம் வழிபடும் தேவாலயத்தின் அடித்தளத்தையே அன்று லாக்கப் ஆக்கினார். சிக்கியவர்கள் 33 பேர். நகரமே விலைபோயிருந்தபோது நேர்மைக்கு மிஞ்சிய இடம் அது ஒன்றுதான்.

1923-இல் 20 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பிளாங்கர் மறு ஆண்டே கேன்யன் சிட்டி சிறையில் இறந்தான். அப்போது அவனுக்கு வயது 74.