வெளுத்த பெயிண்ட்டும் வேலை செய்த வண்டியும்: பட்டுக்கோட்டை வட்டாரத்தில் அமெரிக்க லாரிகள்

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிகளைச் சேகரிப்பவர்கள் மத்தியில், ஆலையில் அடித்த பெயிண்ட் வெளுத்து, விளிம்புகளில் தேய்ந்து, துரு தெரியும் வண்டிக்குத் தனி மதிப்பு உண்டு. அதன்மேல் புது வண்ணம் பூசினால் அந்த மதிப்பு போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. அதே அளவுகோலைத் தஞ்சை வட்டாரத்தில் ஓடிய அமெரிக்க லாரிகளுக்கும் வைத்தால் தவறான முடிவுக்கே வருவோம். இங்கு ஓடிய வண்டியின் முன்பாதி கப்பலில் வந்தது. பின்பாதியை நம் தச்சர்கள் கட்டினார்கள். அதில் அசல் எது என்பதை அது வந்த வழியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தஞ்சை ஜில்லா போர்டு போட்ட ரயில் பாதை 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்தது. 1902இல் அது பட்டுக்கோட்டையைத் தொட்டது. அடுத்த ஆண்டே அறந்தாங்கிக்குப் போனது. ஆனால் மாவட்டத் தலைநகரான தஞ்சாவூருக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து நேர் பாதை போடப்படவில்லை. ஒரத்தநாடு வழியாகப் போகும் அந்தத் தடம் மாட்டு வண்டிக்கும், பிறகு மோட்டாருக்கும் விடப்பட்டது. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ரயில் எட்டாத இடைவெளியில்தான் மோட்டார் வேர்விட்டது.

அடுத்த பெரிய மாற்றம் தண்ணீரால் வந்தது. 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. மக்கள் புது ஆறு என்று சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் பாய்ந்தது. மழையையும் ஏரியையும் நம்பியிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மேட்டு நிலங்கள் நெல் வயல்களாயின. விளைந்த நெல் களத்திலிருந்து ஆலைக்கும் ரயிலடிக்கும் போயாக வேண்டும். அமெரிக்க லாரி இந்தியச் சந்தையில் மலிந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

மலிந்ததற்கும் காரணம் உண்டு. போர்டு நிறுவனம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகளுக்கான வியாபார உரிமையை, பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாக, தன் கனடா கிளையிடம் விட்டிருந்தது. சாம்ராஜ்யத்துக்குள் தயாரான சரக்கு என்பதால் அந்நாடுகள் பலவற்றில் கனடா வண்டிக்குச் சுங்கச் சலுகை கிடைத்தது. ஸ்டியரிங்கும் வலது பக்கம் இருந்தது. 1926இல் அமைந்த போர்டு இந்தியக் கம்பெனி பம்பாய், கல்கத்தா, சென்னை நகரங்களிலிருந்து இயங்கியது. 1928 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் வண்டி பூட்டத் தொடங்கியது. ஆக, நாம் அமெரிக்க லாரி என்கிற போர்டு வண்டிகளின் ஊர், பெரும்பாலும் கனடாவின் ஒன்டாரியோ.

வந்தது முழு வண்டி அல்ல. அடிச்சட்டம், என்ஜின், போனட், முன் மட்கார்டு, அவற்றுக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு, அவ்வளவுதான். டிரைவர் உட்காரும் கூண்டும் சரக்குப் பெட்டியும் இங்கே மரத்தில் கட்டப்பட்டன. நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரி பாடிக்குப் பேர்போனது பிற்காலத்தில். முன்பு பல ஊர்களில் மாட்டு வண்டி கட்டிய கைகளே இந்த வேலைக்கும் வந்தன. ஆலை வண்ணம் என்று ஒன்று இருந்தால் அது போனட்டிலும் மட்கார்டிலும் மட்டுமே இருக்கும். பின்னால் இருப்பது முதல் நாளிலிருந்தே உள்ளூர் வண்ணம்.

இந்த முன்பாதியைக் கிட்டப் போய்ப் பார்ப்பது பயன் தரும். 1920களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு வந்த டியூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், வாரக்கணக்கில் காய வேண்டிய வேலையை மணிக்கணக்கில் முடித்தது. வெயில்தான் அதற்கு எமன். புற ஊதாக் கதிரில் வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பசை சிதைந்து, விரலால் தடவினால் சுண்ணாம்புபோல ஒட்டும். வெயில் நேராக விழும் போனட்டின் மேல்பரப்பு முதலில் வெளுக்கும். தாழ்ப்பாளைச் சுற்றிக் கைபட்டு வண்ணம் தேய்ந்து, அடியிலுள்ள பிரைமர் வட்டமாகத் தெரியும். மட்கார்டின் அடிமடிப்பில் சேறு தங்கிய இடத்தில் துரு தகரத்தையே தின்றிருக்கும். உப்பளங்கள் உள்ள அதிராம்பட்டினம் பக்கம் ஓடிய வண்டிக்கு ஐப்பசி, கார்த்திகை மழையோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். வண்டி எங்கே நின்றது, எதில் இறங்கியது என்பதெல்லாம் அந்தத் தகரத்தில் பதிந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட்டைத் தயாரித்தது. இழுவை குறைந்தாலும் வண்டி ஓடியது. அந்த வாயுக் கலனைப் பொருத்தப் போட்ட துளைகளும் தாங்கிகளும் வண்டியின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். பழுதுபார்ப்பவர் அவற்றை அடைத்துப் பட்டி பூசிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

1953இல் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை அரசு ஏற்றது. உதிரிகளை இங்கேயே தயாரிக்கும் திட்டமுள்ள நிறுவனங்களுக்கே இடம் என்றானதும் போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கிரைஸ்லர் உறவில் டாட்ஜ், பார்கோ லாரிகளைத் தொடர்ந்தது. 1954இல் டாடா-மெர்சிடிஸ் வந்தது; அடுத்த ஆண்டு அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்தது. சாலை டீசலுக்கு மாறியது. பழைய பெட்ரோல் லாரிகள் பலவற்றில் என்ஜினைக் கழற்றிவிட்டு பெர்க்கின்ஸ் டீசல் என்ஜினை ஏற்றி மேலும் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். என்ஜின் மாறியது, பாடி மாறியது, வண்ணம் பலமுறை மாறியது. கடைசியில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போயின.

அதனால் இங்கு தப்பி நிற்கும் ஒரு லாரியில் ஒற்றை அசல் வண்ணத்தைத் தேடுவதைவிட அடுக்குகளைத் தேடுவதே சரியான முறை. மறைவான ஓரிடத்தில், காசளவுக்கு, நீர்த்தாள் கொண்டு சாய்வாகத் தேய்த்தால் அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு பூச்சும் வளையம் வளையமாகத் தெரியும். ஆலை வண்ணம், முதல் முதலாளியின் வண்ணம், கைமாறியபோது அடித்த வண்ணம் என்று படிக்கலாம். டிங்கரிங் பட்டறையில் மொத்தமாகச் சுரண்டிவிட்டால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

இப்படிப்பட்ட லாரிகளைக் காப்பதற்கு அரசின் சட்டமும் துணை நிற்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றங்கள் செய்யாத வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண் கிடைக்கும். ஆனால் அது சொந்த உபயோகத்திலுள்ள இருசக்கர வண்டிக்கும் காருக்கும் மட்டுமே. ஜமீன்தாரின் கார் அதில் சேரும். நெல் மூட்டை சுமந்த லாரி சேராது. பாடியையும் என்ஜினையும் மாற்றுவதே இந்த லாரிகள் பிழைத்த வழி என்பதால், சரக்கு வண்டியை விதியில் சேர்த்தால் மட்டும் போதாது. ‘பெரிய மாற்றம்’ எது என்பதையும் இந்நாட்டு லாரியின் வரலாற்றை வைத்தே வரையறுக்க வேண்டும். போனட்டும் அடிச்சட்டமும் பழையவையாக, மரப் பாடி உள்ளூர்க் கட்டுமானமாக இருக்கும் வண்டியை அசல் என்றே பதிவு செய்ய வேண்டும்.