முதுகில் போட்ட ஊசியும் பியரின் தலைவலியும்

சிசேரியனுக்கு முதுகுல ஊசி போடுவாங்களே, அதோட வரலாற்றைத் தேடிப் போனப்ப எனக்குக் கிடைச்சது ஒரு டாக்டரோட தலைவலி.

1898, ஆகஸ்ட் 24. ஜெர்மனியின் கீல் நகரம். ஆகஸ்ட் பியர் (ஆமா, அவர் பேரும் ஆகஸ்ட்தான்) சில நோயாளிகளுக்கு முதுகுத்தண்டுத் திரவத்தில் கொக்கைன் செலுத்தி ஆபரேஷன் செய்திருந்தார். அன்னைக்குத் தனக்கே போடச் சொன்னார். உதவியாளர் ஹில்டப்ராண்ட் கையிலிருந்த சிரிஞ்ச், ஊசியில் பொருந்தலை. மருந்தும் வழிஞ்சது, முதுகுத் திரவமும் நிறைய வெளியேறிச்சு.

அப்புறம் ஹில்டப்ராண்டுக்குப் போட்டாங்க. கால் மரத்துப்போச்சு. பியர் இரும்புச் சுத்தியால முன்னங்காலில் அடிச்சார், சுருட்டால சுட்டார். வலிக்கவே இல்லை! ராத்திரி வைன் குடிச்சுக் கொண்டாடினாங்க.

பியர் அதுக்கப்புறம் ஒன்பது நாள் படுக்கையில். படுத்தா சரியாயிடும், எழுந்தா தலைவலி. ஓட்டை வழியா திரவம் கசிஞ்சதுதான் காரணம்.

இந்தத் தலைவலி அதிகம் பிடிச்சது பிரசவமான இளம்பெண்களை. உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுக்கவே முடியாது. என்னைக் கேட்டா, மருந்தைவிட ஊசிமுனையோட கதைதான் முக்கியம். 1951-ல் ஹார்ட், விட்டேக்கர் இருவரும் பென்சில் முனை மாதிரி ஒரு ஊசியைப் பற்றி எழுதினாங்க. அது சவ்வை வெட்டாது, நார்களை விலக்கிட்டு உள்ளே போகும். இன்னைக்கு சிசேரியனுக்குப் பரவலா பயன்படுறது அந்த வகைதான், முடி மாதிரி மெலிசா.