பக்கவாதத்திற்குப் பின் குறட்டையா? அலட்சியம் வேண்டாம்

பக்கவாதம் கண்டு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர் இரவில் உரக்கக் குறட்டை விட்டால், "அசந்து தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்" என்று வீட்டார் நிம்மதி அடைகின்றனர். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கவாதம் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு 'ஸ்லீப் எப்னியா' எனப்படும் தூக்க மூச்சுத்தடை இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து சிலருக்கு மூச்சுப்பாதையை அடைத்துவிடும். மூச்சு நிற்பதோ வெகுவாகக் குறைவதோ 10 விநாடியாவது நீடித்தால் அது ஒரு தடை. மணிக்கு 5 முதல் 14 தடைகள் என்றால் லேசான பாதிப்பு, 15 முதல் 29 வரை நடுத்தரம், 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. ஒவ்வொரு தடையின்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் குறையலாம்; இரத்த அழுத்தம் ஏறும்; தூக்கம் கலையும். காலையில் நோயாளிக்கு இது நினைவில் இருக்காது.

இந்தப் பாதிப்பு பக்கவாத அபாயத்தைக் கூட்டுகிறது. பக்கவாதமும் தன் பங்குக்குத் தொண்டைத் தசைகளைப் பலவீனப்படுத்தி, மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியைப் பாதித்து, நிலைமையை மோசமாக்கலாம்.

மீட்சியை எப்படித் தடுக்கிறது?

பகலில் பழகும் நடை, பேச்சு, கை அசைவு ஆகியவற்றை மூளை பதிய வைத்துக்கொள்ள நல்ல தூக்கம் உதவுகிறது. அது கெட்டால் உடற்பயிற்சி சிகிச்சையின்போது கண் சொருகும், மறதி கூடும், மனம் சோரும். "முயற்சியே செய்வதில்லை" என்று அவரைக் கடிந்துகொள்வதற்கு முன், இரவில் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பாருங்கள்.

பருமனானவர்களுக்கு மட்டுமே இது வரும் என்பது தவறு. பக்கவாத நோயாளிகளில் பலர் ஒல்லியாகவும் இருப்பர். பகல் தூக்கத்தைப் பற்றிச் சொல்லாமலும் இருப்பர்.

வீட்டார் செய்ய வேண்டியவை

* மூச்சு நிற்பது, திணறி விழிப்பது, காலைத் தலைவலி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கைப்பேசியில் காணொளி எடுத்து மருத்துவரிடம் காட்டலாம்.
* தூக்கப் பரிசோதனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். சிலருக்கு வீட்டிலேயே கருவி பொருத்திச் சோதிக்க முடியும்.
* மல்லாந்து படுத்தால் அடைப்பு கூடும். பக்கவாட்டில் படுக்க வைக்கும் முறையைச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். பலவீனமான தோள் நசுங்கக்கூடாது.
* மதுவைத் தவிர்க்கவும். மருத்துவர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்கக்கூடாது.

சிகிச்சை

முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் 'சிபேப்' கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். இது தூக்கத்தையும் பகல் சுறுசுறுப்பையும் மேம்படுத்தும். பக்கவாதத்திலிருந்து மீளவும் உதவலாம் எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், 2016-இல் வெளிவந்த 'சேவ்' எனும் பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இக்கருவியால் குறையவில்லை. அதில் பங்கேற்றோர் கருவியை அணிந்தது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே.

ஆகவே, கருவி இருக்கிறதே என்று இரத்த அழுத்த மாத்திரையையோ இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையோ நிறுத்தக்கூடாது. ஒரு கை செயலிழந்தவரால் முகமூடியைத் தனியாக மாட்ட முடியாது. இரவில் அதை மாட்டிவிட வீட்டில் ஒருவர் பழகிக்கொள்வது அவசியம்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் மீண்டும் தோன்றினால் காத்திருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.